தணிகாசலத்தின் கையில் கொடுத்த பூட்டு

போன வாரம் ரம்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அறிவியல் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். குரலிலேயே பதற்றம் தெரிந்தது.

"மேடம், டிக்கெட் கவுன்ட்டர்ல ஆணியில ஒரு பூட்டு சாவியோட தொங்குதுல்ல, அது எதுக்குன்னு புது ஆபீசர் கேக்குறாரு. பழக்கம்னு சொன்னோம். எந்தக் கதவுக்கும் இல்லாத பூட்டு இங்க இன்னாத்துக்கு, கழட்டி ஸ்டோர்ல போடுங்கன்னுட்டாரு. இன்னா பண்றது மேடம்?"

"கழட்டாத. நான் எழுதி அனுப்புறேன். அவருக்குப் படிச்சுக் காட்டு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்லப் போனால் எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும், சொல்ல வேண்டியது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். என் பெயர் எஸ்தர். மீஞ்சூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அண்ணன்கள் தலையெடுத்தபோது கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்துவிட்டன, அவர்கள் அங்கே போனார்கள். நான் பொன்னேரியில் இயற்பியல் படித்தேன். படித்த கையோடு ஒரு கம்பெனியில் போல்ட் அளந்துகொண்டிருந்தேன். பிறகு ஹைவே ஓரத்தில் இந்த அறிவியல் கூடம் திறந்தபோது விளக்கம் சொல்லும் வேலைக்கு எழுதிப் போட்டேன். கிடைத்தது. தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தேன்.

எங்கள் கூடம் வெளியிலிருந்து பார்த்தால் குடோன் மாதிரிதான் இருக்கும். இரண்டு பக்கமும் நிஜ குடோன்கள். ஆரம்பத்தில் வாரத்துக்கு நாலு பேராவது பயோடேட்டாவுடன் வந்து, "இன்டர்வியூ இங்கயா மேடம்?" என்று கேட்பார்கள். நான் விடமாட்டேன். "இன்டர்வியூ இல்ல, வந்ததுக்கு ஒரு சுத்து பாத்துட்டுப் போங்க" என்று உள்ளே தள்ளிவிடுவேன்.

உள்ளே நுழைந்ததும் பெரிய எழுத்தில் பலகை: தொடுங்கள், திருகுங்கள், இழுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிற ஒரு பொருள்கூட எங்களிடம் கிடையாது. சுழலும் மேடை உண்டு. பேசினால் அந்த மூலையில் கேட்கும் வளைந்த சுவர் உண்டு. ஆள் உயரத்துக்குப் பல்சக்கரங்கள் மாட்டிய இயந்திரம் உண்டு. கயிற்றை இழுத்தால் ஆளோடு மேலே போகும் நாற்காலி உண்டு. எல்லாமே தொடத்தான்.

அந்தப் பலகையை எழுதி மாட்டச் சொன்னவர் எங்கள் பொறுப்பாளர் ராகவன் சார். திருவள்ளூர்க்காரர். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்த குடும்பம். நெற்றியில் மெல்லிய கோடாக ஸ்ரீசூர்ணம் இல்லாமல் ஒருநாளும் அவரைப் பார்த்ததில்லை. "எங்காத்துல நான் சின்னப் பையனா இருந்தப்போ எதைத் தொட்டாலும் திட்டு. பாத்திரத்தைத் தொடாதே, பெட்டியைத் தொடாதே, குளிக்காம என்னையே தொடாதே" என்று சொல்லிச் சிரிப்பார். எங்கள் அப்பாவுக்கு வேலை செய்த வீட்டில் தொடாதே என்று சொல்லவே தேவையில்லை, வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவார். அவர் பெற்ற மகளும் சாரும் சேர்ந்து 'தொடுங்கள்' என்று பலகை மாட்டினோம் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

சாரின் வேலைமுறை தனி. காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் விளையாட வேண்டும். அதுதான் சோதனை. சும்மா சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு 'ஓகே' என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "ஒழுங்கா விளையாடுற குழந்தைய நீங்க பார்த்திருக்கேளா? முரண்டு பிடிக்கணும், தொங்கணும், தப்பா திருகணும்" என்பார். அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் நடப்பார். குழந்தையின் கண் உயரத்தில் என்ன கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்த இடுக்கில் விரல் போகும் என்று தடவித் தடவிப் பார்ப்பார். முதல் நாள் அவரைப் பார்த்தபோது, நல்ல மனுஷன், என்னமோ தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நானும் கூடக் குனிந்து தேடினேன்.

இன்னொரு கட்டளை, விளக்கம் சொல்பவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். வந்தவர் எவ்வளவு தடுமாறினாலும் நாம் செய்து காட்டக் கூடாது. வாயும் அப்படித்தான். கேட்டால் மட்டும் பேச வேண்டும், அதுவும் முதலில் ஒரு கேள்வியாக. சார் யாருக்கும் நேராகப் பதில் சொன்னதை நான் பார்த்ததே இல்லை. ஒரு தலைமையாசிரியர் ஒரு கருவியைக் காட்டி, "இதன் தத்துவம் என்ன?" என்று அதட்டலாகக் கேட்டார். சார் அவ்வளவு பணிவாக, "நீங்க என்ன பார்த்தேள்?" என்று திருப்பிக் கேட்டார். தலைமையாசிரியர் முறைத்துக்கொண்டே போனார். ஆனால் வேனில் ஏறுவதற்கு முன் திரும்பி வந்து இன்னொரு முறை அதைத் திருகிப் பார்த்தார். எனக்கு இந்தக் கட்டளைதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. வாயைக் கட்டுவதற்குள் எனக்கு உயிரே போய்விடும்.

எங்கள் கூடத்தின் ராஜா, பிள்ளைகள் 'முடி நிக்கிற உருண்டை' என்று கூப்பிடுகிற மின்கோளம். அதன் மேல் கையை வைத்தால் தலைமுடி சிலிர்த்து நிற்கும். கடல் காற்றின் ஈரத்துக்கும் அதற்கும் ஜென்மப் பகை. பழவேற்காட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாளில் அது சவம் போல உட்கார்ந்திருக்கும். காலையில் போனதும் அதன் உள்ளே ஓடும் பெல்ட்டுக்கு ஹேர் டிரையர் போட்டு உலர்த்துவதுதான் எனக்கு முதல் வேலை. அதைத் தாண்டினால் அடுத்த எதிரி தேங்காய் எண்ணெய். நம் பிள்ளைகள் வழிய வழிய எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிக்கொண்டு வரும். அந்த முடி எந்த மின்சாரத்துக்கும் அசையாது. கூட்டத்தில் தலைக்குக் குளித்துவிட்டு வந்த ஒரு பிள்ளையைத் தேடிப் பிடிப்பேன். கிடைத்துவிட்டால் அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் கதாநாயகி.

ஒருமுறை ஆயுத பூஜைக்கு எங்கள் பிட்டரும் வாட்ச்மேனும் சேர்ந்து எல்லாக் கருவிகளுக்கும் அலங்காரம் செய்தார்கள். கம்பெனியில் லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பழகிய கைகள். ராஜாவுக்கு மட்டும் குறை வைக்கலாமா? உருண்டைக்கு மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் கதம்ப மாலை. விடுமுறை முடிந்து பெரியபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்று வந்தது. மாலையை எடுத்துவிட்டு, மேலாகத் துடைத்துவிட்டுப் போட்டால், ஒரு முடிகூட நிற்கவில்லை. பிட்டர் மோட்டாரைப் பார்த்தார், நான் பெல்ட்டை உலர்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. சார் வந்து முகத்தை உருண்டைக்கு அருகில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சாமிக்கு வச்சது, யார் எடுப்பேள்?" என்று கேட்டார். காய்ந்த சந்தனத்தின் பொருக்கும், அதில் ஒட்டிக்கொண்டிருந்த பூநாரும் ஊசி முனைபோல நீட்டிக்கொண்டு, ஏறுகிற மின்சாரத்தையெல்லாம் காற்றில் விட்டுக்கொண்டிருந்தன. வாட்ச்மேன் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவரே ஸ்பிரிட் வைத்துத் துடைத்தார். அடுத்த வருஷத்திலிருந்து பொட்டு அடிமேடைக்கு மட்டும்தான். அதற்காகப் பூஜையை நிறுத்தவில்லை. நான் அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவள், ஆனால் அந்த அடிமேடைக்குப் பொட்டு வைப்பது என் கை என்று பிறகு ஆகிவிட்டது.

இனி பூட்டுக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிகள் பஸ் வைத்துத் தொழிலாளர் குடும்பங்களை அழைத்துக்கொண்டு வரும். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே வந்ததும் பறப்பார்கள். ஆண்கள் மட்டும் சுவர் ஓரமாக வரிசையாக நின்றுவிடுவார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. நாங்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்போம். இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கிற அந்தக் காட்சியை யாராவது போட்டோ எடுத்திருக்க வேண்டும். ஆர்வம் இல்லை, பாவம், வாரம் முழுக்க மெஷினோடு மாரடித்தவர்கள், லீவு நாளிலும் மெஷினா என்று அலுத்துப்போயிருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்படி வந்த ஒரு பஸ்ஸில் வந்தவர் தணிகாசலம். பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற வேலை. நல்ல உயரம், கனத்த உடம்பு. வலது கையில் இரண்டு விரல்கள் பாதிக்கு மேல் இல்லை. அந்தக் கையால், பத்தாம் வகுப்பு முடித்திருந்த தன் மகள் பவானியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். உள்ளே வந்ததிலிருந்து விடவே இல்லை. சின்னக் குழந்தையைச் சந்தையில் பிடிப்பதுபோல அவ்வளவு பெரிய பெண்ணைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தப் பெண் பல்சக்கர இயந்திரத்துக்கு முன்னால் வந்ததும் நகர மறுத்து நின்றுவிட்டது.

"மிஸ், இத்த நான் தொடலாமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"தொடத்தானே வச்சிருக்கோம்."

"அப்பா வுட மாட்டாரு மிஸ். மெக்கானிக்கல் டிப்ளமோக்கு எடம் கெடச்சிருக்குது. நாளைக்குப் போய் சேரலன்னா வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்கோ. அதுக்கும் வுட மாட்டேன்றாரு."

"எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இரு" என்று தணிகாசலம் அதட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "பொம்பளப் புள்ளைக்கு மெஷின் வேலை இன்னாத்துக்கு மேடம்? ஏசி ரூம்ல குந்திக்கினு கம்ப்யூட்டர் தட்டட்டுமே. யாரு வேணான்றது?"

அப்போதுதான் நான் சாரின் கட்டளையை மறந்து வாயைத் திறந்தேன். "அதை அப்புறம் பாக்கலாம் அண்ணா. இப்ப சும்மா தொட்டுப் பாக்கட்டும். ஒண்ணும் ஆகாது, தைரியமா விடுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "ஒண்ணும் ஆகாதா? அன்னிக்கு எங்க சூப்பர்வைசரும் இத்தயேதான் சொன்னான். ஒண்ணும் ஆகாது, கைய வுட்டு தகட்ட எட்றான்னான். வுட்டேன்." அந்தக் கையைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினார். "பாத்துக்கோ."

அந்த ஹாலில் நான் எத்தனையோ பேரிடம் அந்த 'ஒண்ணும் ஆகாது'வைச் சொல்லியிருக்கிறேன். அதை இனிமேல் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது மட்டும் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

தூரத்தில் முழங்காலில் உட்கார்ந்து ஒரு குழந்தையோடு பேசிக்கொண்டிருந்த ராகவன் சார் எழுந்து வந்தார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கையைப் பார்த்தார், பிறகு வழக்கம்போலக் கேள்வி கேட்டார். "இப்போ உங்க கம்பெனில, மெஷினுக்குள்ள கைய விடறதுக்கு முன்னாடி என்ன பண்றேள்?"

தணிகாசலம் கொஞ்சம் தயங்கினார். ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாத தொழிலாளி உண்டா? "மெயின அமத்துவோம் சார். அமத்திட்டு, அதும்மேல என் பூட்ட நானே போடுவேன். சாவி என் பாக்கெட்ல. மேனேஜரே வந்தாலும் தர மாட்டேன். பேர் எழுதுன அட்டைய மாட்டுவேன். அப்பறமா பட்டன அமுக்கிப் பாப்பேன், ஓடுதான்னு. ஓடலைனாதான் கை உள்ள போவும். இந்தக் கை போனப்பறம்தான் சார் இந்த ரூல்லாம் வந்துச்சு."

சுவர் ஓரம் நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. இவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது அலுப்பினால் இல்லை. அடுத்தவன் மெஷினை, பூட்டுப் போடாத மெஷினை, தொடக் கூடாது என்று உடம்பிலேயே ஊறிப்போயிருக்கிறது. நாங்களோ வாசலிலேயே 'தொடுங்கள்' என்று பலகை வைத்து அவர்களை மிரட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஓடினேன். டிக்கெட் கவுன்ட்டர்ப் பக்கம் பைகள் வைக்கும் அலமாரி இருக்கிறது. அதிலிருந்து ஒரு பூட்டைச் சாவியோடு உருவிக்கொண்டு வந்தேன். பல்சக்கர இயந்திரத்தின் மெயின் பெட்டியைத் திறந்து காட்டி, பூட்டை அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே அமத்துங்க அண்ணா. நீங்களே பூட்டுங்க. சாவி உங்க பாக்கெட்ல இருக்கட்டும். நீங்க திறக்கிற வரைக்கும் இங்க இருக்கிற ஒருத்தரும் அதைத் தொட மாட்டோம்."

சாரைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

தணிகாசலம் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாக மகளின் கையை விட்டார். மெயினை அணைத்தார், பூட்டினார், இழுத்துப் பார்த்தார், சாவியைச் சட்டைப் பையில் போட்டார். பட்டனை அழுத்தினார். சக்கரம் அசையவில்லை. இரண்டாவது முறையும் அழுத்தினார். பிறகு, "பின்னாடி தொறங்க" என்றார். பிட்டர் பின்பக்கக் கதவைக் கழற்றினார். தணிகாசலம் கையை உள்ளே விட்டு ஒவ்வொரு மூடியாக, ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுக்கொண்டே போனார். எனக்குப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே நிற்பதுபோல இருந்தது. எத்தனை அதிகாரிகள் வந்து ஆய்வு செய்திருக்கிறார்கள், அப்போதெல்லாம் வராத பயம்.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நல்லாதான் வச்சிக்கினு கீறீங்கோ. வெரல் பூர்றதுக்கு எடமே இல்ல."

நான் வாங்கிய பாராட்டுப் பத்திரங்கள் பீரோவில் இருக்கின்றன. அவை எதுவும் இந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வராது. காலையில் நாங்கள் முழங்கால் தேய நடந்ததன் பலனைக் கண்டு சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அவரே பூட்டைத் திறந்து மெயினைப் போட்டார். மகளைப் பார்த்து ஒரே சொல் சொன்னார்: "தொடு."

பவானி அந்தச் சக்கரங்களை முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, சின்னதைவிடப் பெரியது ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்று அப்பாவுக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இதற்குள் சுவர் ஓரம் காலி. "மேடம், எங்களுக்கும் பூட்டு குடுங்கோ" என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அலமாரியிலிருந்த பூட்டெல்லாம் போயிற்று. பிள்ளைகள் எல்லாம் கருவிகளுக்கு முன்னால், அப்பாக்கள் எல்லாம் பின்னால். மகன் முன்னால் நின்று, "ஓடலப்பா!" என்று கத்த, "இரு நைனா, நாந்தான் பூட்டிக்கீறேன்" என்று பின்னாலிருந்து பதில் வரும். அவ்வளவு சத்தத்தை எங்கள் கூடம் அதற்கு முன் கேட்டதில்லை. அன்றிலிருந்துதான் கம்பெனி பஸ் வந்தால் டிக்கெட்டோடு பூட்டும் கொடுக்கிறோம். ரம்யா, அந்த ஆணியில் ஒரு பூட்டு எப்போதும் தொங்குவது இதற்காகத்தான். உங்கள் ஆபீசரிடம் சொல்.

வெளியே பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார். அப்பாவும் மகளும் கடைசியாகக் கயிற்று நாற்காலிக்கு வந்தார்கள். மேலே கப்பிகள், நடுவில் நாற்காலி, கயிற்றின் நுனி தரையில். இழுத்த கயிறு வழுக்கிப் போகாமல் கவ்விப் பிடிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. இறக்க வேண்டுமென்றால் கயிற்றுப் பக்கம் நிற்பவர் கைப்பிடியை அழுத்த வேண்டும்.

தணிகாசலம் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். "இதுக்கு எங்க பூட்றது மேடம்?"

"இதுக்கு கரண்ட் இல்ல அண்ணா. கயிறுதான், இழுக்கிற ஆள்தான்."

அவர் கயிற்றை மேலிருந்து கீழ்வரை உருவிப் பார்த்தார். கவ்விப் பிடிக்கும் இடத்தில் தொங்கிப் பார்த்தார். பவானி நாற்காலியில் உட்காரப் போனாள். "இரு. மொதல்ல நான்" என்று தடுத்துவிட்டுத் தானே உட்கார்ந்தார். "யாரு கயித்த இசுப்பாங்கோ?" என்று பிட்டரைத் தேடினார்.

பவானி கயிற்றை எடுத்துவிட்டாள்.

"ஏய், இன்னா நீயா? உன்னால முடியாது, வுடு."

அவள் விடவில்லை. இழுத்தாள். செருப்பு தரையை விட்டுக் கிளம்பியதும் அவர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கை மாற்றிக் கை மாற்றி அந்த ஒல்லிப் பெண் இழுக்க, அவ்வளவு பெரிய மனிதர் எங்கள் தலைக்கு மேலே போய்விட்டார். கயிறு கவ்விக்கொண்டது. அவள் மூச்சு வாங்கியபடி கைப்பிடிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எறக்கு பவானி. பஸ்ஸு கெளம்புது."

"டிப்ளமோ சேத்து வுடறேன்னு சொல்லு. எறக்குறேன்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. அவருடைய கம்பெனி ஆட்கள் எல்லோரும் பூட்டும் கையுமாக வந்து கூடிவிட்டார்கள். "ஒத்துக்கோ தணிகா, இல்லைன்னா நாளைக்குக் காலைல அங்கதான் நாஷ்டா" என்று ஒருவர் கத்தினார். நான் சிரிக்கவில்லை. என்ன சொல்லப் போகிறாரோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் கயிற்றைப் பார்த்தார். கயிறு போய் முடிகிற இடத்தில் இருந்த மகளின் கைகளைப் பார்த்தார். பத்து விரலும் சிவந்து போயிருந்தன.

"காலைல வெள்ளன எழுந்துரு. ஆறு மணி ட்ரெய்ன புடிச்சாத்தான் போய்ச் சேர முடியும்" என்றார்.

அவள் கைப்பிடியை அழுத்தப் போனாள்.

"ஒடனே எறக்காத. இருடி" என்றார் மேலே இருந்து. "எங்க ஆளுங்கல்லாம் கீறாங்கோ. எம்பொண்ணு தூக்கி வச்சிக்கினு கீறத நல்லா பாத்துக்கட்டும்."

பவானி கைப்பிடியை விட்டுவிட்டு வந்து, கயிற்றை இன்னும் இரண்டு பிடி இழுத்தாள்.